விழுந்துகொண்டே இருக்கும் நிலா

தோட்டத்து வானம்

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் வேலை இருட்டிலேயே தொடங்கியது. விடியற்காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்றாக வழியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் சூரியன் எழும் முன்பே பெரட்டுக்குச் சென்றனர். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினர்.

கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் வானம் இருந்தது. கிழக்கே விடிவெள்ளி தோன்றினால் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். வளர்பிறையா தேய்பிறையா என்பதை வைத்து இரவில் எந்நேரம் நிலவொளி கிடைக்கும் என்று சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை ஆகிய நாள்களை நாள்காட்டியைப் பார்க்காமலே அறிந்த பாட்டிமார்கள் பல தோட்டங்களில் இருந்தனர்.

இன்று அத்தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகவோ வீடமைப்புப் பகுதிகளாகவோ மாறிவிட்டன. மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தெருவிளக்கின் வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் மங்கிப்போயின. ஆனாலும், வானத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடவில்லை. வீட்டுக் கூரையிலோ சுவரிலோ பொருத்தப்பட்டிருக்கும் வட்டத் தட்டு, இரவும் பகலும் வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புள்ளியில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது. அதன் வழியாகத்தான் தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வீட்டுக்குள் வருகின்றன.

பாட்டி பார்த்த நிலாவும் பேரப்பிள்ளையின் வீட்டுத் தட்டு பார்க்கும் செயற்கைக்கோளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. அவ்விதி எது? அவை ஏன் கீழே விழுவதில்லை? இப்பாடம் இவ்விரு கேள்விகளுக்கு விடை தேடுகிறது.

நிலா ஏன் விழவில்லை?

மரத்திலிருந்து முற்றி வெடித்த இரப்பர் விதை தரையில் விழுகிறது. பூமி அதை ஈர்க்கிறது. அதே பூமி நிலாவையும் ஈர்க்கிறது. அப்படியானால் நிலாவும் விழ வேண்டும் அல்லவா? இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஐசக் நியூட்டன் இக்கேள்விக்குச் சொன்ன விடை வியப்பூட்டுவது: நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

1687ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் நியூட்டன் ஈர்ப்பு விதியை விளக்கினார். உயரமான மலையுச்சியிலிருந்து ஒரு பொருளைக் கிடையாக எறிந்தால் என்ன ஆகும் என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையை நாம் பேராக் மண்ணில் செய்து பார்க்கலாம். ஈப்போவுக்குக் கிழக்கே திதிவங்சா மலைத்தொடரில் 2,180 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது குனோங் கோர்பு. அதன் உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கிடையாக எறிவதாகக் கற்பனை செய்வோம். காற்றின் தடை இல்லை, எதிரே வேறு மலை இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

மெதுவாக எறிந்தால் கல் மலையடிவாரத்தில் விழும். வேகமாக எறிந்தால் ஈப்போவைத் தாண்டி விழும். இன்னும் வேகமாக எறிந்தால் மலாக்கா நீரிணையைக் கடந்து சுமத்திராவில் போய் விழும். எவ்வளவு வேகமாக எறிந்தாலும், முதல் ஒரு வினாடியில் அது ஏறத்தாழ 5 மீட்டர் கீழே இறங்கும். இதில் மாற்றமில்லை. ஆனால், பூமி தட்டையன்று, உருண்டை. 8 கிலோமீட்டர் தூரம் நேராகச் சென்றால் தரை ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வளைந்துவிடும்.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். கல் வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அது 5 மீட்டர் இறங்குவதற்குள் தரையும் 5 மீட்டர் இறங்கிவிடும். கல் விழுகிறது, ஆனால், தரையை எட்டுவதில்லை. அடுத்த வினாடியும் அப்படியே. அதற்கடுத்த வினாடியும் அப்படியே. இவ்வாறு அது பூமியைச் சுற்றிவந்து, எறிந்தவரின் முதுகுப்பக்கம் வந்து சேரும். இப்படி விழுந்துகொண்டே சுற்றும் வழிக்குத்தான் சுற்றுப்பாதை என்று பெயர்.

ஆக, சுற்றுவதற்கு இரண்டு தேவை. ஒன்று, முன்னோக்கிச் செல்லும் வேகம். மற்றொன்று, மையத்தை நோக்கி இழுக்கும் ஈர்ப்பு. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் இது புரியும். கயிறு கல்லை உள்ளே இழுக்கிறது. கயிறு அறுந்தால் கல் வட்டமாகச் செல்லாது. அறுந்த இடத்திலிருந்து நேர்க்கோட்டில் பறந்துவிடும். ஈர்ப்பு இல்லையென்றால் நிலாவும் அப்படித்தான் போய்விடும். வேகம் இல்லையென்றாலோ நேராகப் பூமியில் வந்து விழும்.

நியூட்டன் இதைக் கணக்கிட்டும் பார்த்தார். நிலா, பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 பூமி ஆரத் தொலைவில் உள்ளது. தொலைவு 60 மடங்கானால் ஈர்ப்பு 60 × 60, அதாவது 3,600இல் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, தரையருகே ஒரு வினாடியில் சுமார் 4.9 மீட்டர் விழும் பொருள், நிலாவின் தொலைவில் 1.4 மில்லிமீட்டர் அளவே விழ வேண்டும். நிலாவின் பாதை ஒவ்வொரு வினாடியும் நேர்க்கோட்டிலிருந்து அவ்வளவுதான் உள்நோக்கி வளைகிறது. இரப்பர் விதையை இழுக்கும் விசையும் நிலாவை இழுக்கும் விசையும் ஒன்றே என்பது இவ்வாறு உறுதியாயிற்று. மண்ணுக்கு ஒரு சட்டம், விண்ணுக்கு ஒரு சட்டம் என்ற பழைய எண்ணம் அத்தோடு முடிவுக்கு வந்தது.

வட்டமன்று, நீள்வட்டம்

நியூட்டனுக்கு முன்பே, கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதை ஜெர்மனி நாட்டு அறிஞர் ஜோகன்னஸ் கெப்ளர் கண்டறிந்திருந்தார். டைக்கோ பிராகி என்பவர் பல்லாண்டுகள் பொறுமையாக அளந்து வைத்த செவ்வாய்க் கோளின் நிலைகளை அவர் ஆராய்ந்தார். வட்டப்பாதை அவ்வளவுகளுக்குப் பொருந்தவில்லை. அளவு தவறு என்று ஒதுக்கிவிடாமல், வட்டம் என்ற கருத்தையே அவர் கைவிட்டார். கோள்களின் பாதை நீள்வட்டம் என்றார். 1609ஆம் ஆண்டில் இரண்டு விதிகளையும் 1619ஆம் ஆண்டில் மூன்றாம் விதியையும் அவர் வெளியிட்டார்.

முதல் விதி பாதையின் வடிவத்தைச் சொல்கிறது. பாதை நீள்வட்டம், சூரியன் அதன் நடுவில் இல்லை, சற்றே ஒரு பக்கம் தள்ளியிருக்கும் குவியப் புள்ளியில் உள்ளது. ஆகவே, பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15 கோடியே 21 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குச் செல்கிறது. ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவும் ஜனவரியில்தான் பூமி சூரியனை நெருங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பருவகாலங்கள் தோன்றுவதற்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான்; தொலைவு அன்று.

இரண்டாம் விதி வேகத்தைச் சொல்கிறது. சூரியனை நெருங்கும்போது கோள் வேகமாகச் செல்லும். விலகும்போது மெதுவாகச் செல்லும். ஊஞ்சல் கீழே வரும்போது விரைவதும் மேலே செல்லும்போது தளர்வதும் போன்றது இது.

மூன்றாம் விதி காலத்தைச் சொல்கிறது. தொலைவு கூடக்கூடச் சுற்றும் காலமும் கூடும். அதுவும் ஒரு திட்டமான கணக்கின்படி கூடும். சுற்றும் காலத்தின் இருமடியும் சராசரித் தொலைவின் மும்மடியும் ஒரே விகிதத்தில் இருக்கும். வியாழன், பூமியைப் போல 5.2 மடங்கு தொலைவில் உள்ளது. 5.2ஐ மும்முறை பெருக்கினால் ஏறத்தாழ 140.6 கிடைக்கும். அதன் இருமடி மூலம் சுமார் 11.86. ஆகவே, வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். புதனுக்கு 88 நாள், வெள்ளிக்கு 225 நாள், செவ்வாய்க்கு 687 நாள், சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு.

இவ்வெண்கள் நமக்குப் புதியவை அல்ல. குருப்பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. சனிப்பெயர்ச்சி சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. வியாழன் 12 ஆண்டுகளில் 12 இராசிகளைக் கடக்கிறது. எனவே ஓர் இராசிக்கு ஓராண்டு. சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 12 இராசிகளைக் கடக்கிறது. எனவே ஓர் இராசிக்கு இரண்டரை ஆண்டு. பெயர்ச்சிக்குப் பலன் சொல்வது நம்பிக்கையைச் சார்ந்தது. ஆனால், அந்தக் கால அளவு தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்தவர்கள் சேர்த்து வைத்த கணக்கு. தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே அது சரியாக அமைந்திருந்தது.

விடிவெள்ளியின் இரகசியமும் சுற்றுப்பாதைதான். வெள்ளிக் கோள் பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுகிறது. அதனால் நம் பார்வையில் அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. சில மாதங்கள் சூரியனுக்கு முன்னே எழுந்து விடிவெள்ளியாகத் தெரியும். சில மாதங்கள் சூரியனுக்குப் பின்னே மறைந்து மாலை வெள்ளியாகத் தெரியும். நள்ளிரவில் உச்சி வானில் அது ஒருபோதும் தோன்றாது.

தைப்பூசமும் இருபத்தேழு நட்சத்திரங்களும்

ஈப்போவின் குனோங் சீரோ மலையடியில் உள்ள கல்லுமலை முருகன் ஆலயத்தில் தைப்பூசம் ஆண்டுதோறும் பெருந்திரளாகக் கொண்டாடப்படுகிறது. பேராக் மாநிலத்தில் அன்று பொது விடுமுறை. அந்த நாள் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருகிறது? 2023ஆம் ஆண்டில் பிப்ரவரி 5. 2024ஆம் ஆண்டில் ஜனவரி 25. 2025ஆம் ஆண்டில் பிப்ரவரி 11. இந்த ஏற்ற இறக்கத்துக்கு நிலாவின் சுற்றுப்பாதையே காரணம்.

நட்சத்திரங்களைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால், நிலா பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள் ஆகிறது. நம் முன்னோர் நிலா செல்லும் வழியை அசுவினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரப் பகுதிகளாகப் பிரித்ததற்கு இதுவே அடிப்படை. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்ற கணக்கில் நிலா நகர்கிறது.

ஆனால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள் ஆகிறது. இரண்டு நாளுக்கு மேல் ஏன் கூடுதலாகிறது? நிலா ஒரு சுற்றை முடிப்பதற்குள் பூமியும் தன் பாதையில் சுமார் 27 பாகை முன்னே போய்விடுகிறது. சூரியனுக்கு நேர் எதிரே மீண்டும் வந்து நிற்பதற்கு, நிலா அந்தத் தூரத்தையும் சேர்த்துக் கடக்க வேண்டியிருக்கிறது. ஓடும் பேருந்துக்குள் முன்பக்கம் நடப்பவர் கதைதான் இது. பேருந்தும் நகர்வதால் கணக்கு மாறுகிறது.

தை மாதத்தில் சூரியன் மகர இராசியில் இருக்கும். பௌர்ணமி அன்று நிலா சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது கடக இராசிப் பக்கம் இருக்கும். பூச நட்சத்திரம் கடகத்தில்தான் உள்ளது. ஆகவேதான் தை மாதப் பௌர்ணமி பூசத்தோடு சேர்ந்து வருகிறது. சித்திரை மாதப் பௌர்ணமி சித்திரை நட்சத்திரத்தை ஒட்டியும், கார்த்திகை மாதப் பௌர்ணமி கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டியும் அமைவது இதே காரணத்தால்தான்.

12 பௌர்ணமிகள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிட இது 11 நாள் குறைவு. எனவே, தைப்பூசம் அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வருகிறது. இப்படியே முன்னேறித் தை மாதத்தைத் தாண்டிவிடும் நிலை வந்தால், அடுத்த பௌர்ணமி பூசத்துக்குரியதாகிறது; நாள் பின்னோக்கிப் பாய்கிறது. 2024க்கும் 2025க்கும் இடையே நடந்தது அதுதான்.

ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் ஏன் இல்லை?

பௌர்ணமியில் பூமி நடுவிலும், அமாவாசையில் நிலா நடுவிலும் இருக்கின்றன. அப்படியென்றால் மாதந்தோறும் ஒரு சந்திர கிரகணமும் ஒரு சூரிய கிரகணமும் நிகழ வேண்டும். நிகழ்வதில்லை. ஏனென்றால், பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிலா நிழலுக்கு மேலேயோ கீழேயோ கடந்துவிடும். இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளின் அருகில் நிலா இருக்கும்போதுதான் கிரகணம் ஏற்படும். அப்புள்ளிகளையே நம் மரபு இராகு, கேது என்று பெயரிட்டு அழைத்தது.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த கங்கணச் சூரிய கிரகணம் பல நாட்டுத் தமிழர்களை ஒரே நாளில் வானத்தைப் பார்க்க வைத்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. பேராக்கில் அது பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது. நிலாவின் பாதையும் நீள்வட்டம்தான். அதனால் அதன் தோற்றம் சில சமயம் பெரிதாகவும் சில சமயம் சிறிதாகவும் இருக்கும். அன்று சூரியனை முழுமையாக மூடும் அளவுக்கு நிலா பெரிதாகத் தெரியவில்லை. ஆகவேதான் விளிம்பில் வளையம் எஞ்சியது. கிரகணத்தன்று நிலவும் அச்சங்களுள் ஒன்றுக்கு மட்டும் உண்மையான அடிப்படை உண்டு. தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியனை நேராகப் பார்த்தால் கண்ணின் விழித்திரை பழுதடையும்.

மனிதன் ஏற்றிய நிலாக்கள்

வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகம் கொடுத்தால் கல்லும் நிலாவாகும் என்று நியூட்டன் காட்டினார். அந்த வேகத்தைத் தரும் உந்துகணை வருவதற்கு 270 ஆண்டுகள் ஆயின. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1 என்ற முதல் செயற்கைக்கோளை ஏவியது. மலாயா விடுதலை பெற்று அப்போது ஐந்து வாரமே ஆகியிருந்தது.

தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அனைத்துலக விண்வெளி நிலையம், பூமியை ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அங்குப் புறப்பட்டார். அங்கு மனிதர்கள் மிதக்கிறார்களே, ஈர்ப்பு இல்லையா என்று பலர் கேட்பதுண்டு. அந்த உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கிறது. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை. கயிறு அறுந்து விழும் மின்தூக்கிக்குள் இருப்பவருக்கும் அந்நேரம் எடை தெரியாது.

மலேசியாவும் சொந்தச் செயற்கைக்கோள்களை அனுப்பியுள்ளது. சுமார் 50 கிலோகிராம் எடையுள்ள தியுங்சாட் 1, 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஏவப்பட்டது. அதன்பின் 2009ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளிலிருந்து ரசாக்சாட் புறப்பட்டது. அதைச் சுமந்து சென்றது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 1 உந்துகணை.

ரசாக்சாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதை சிறப்பானது. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் மேலாகச் சுற்றுகின்றன. பூமி கீழே சுழல்வதால் அவை உலகம் முழுவதையும் பார்த்துவிடும். ஆனால், ஒரே இடத்துக்கு அடிக்கடி திரும்பி வருவதில்லை. மலேசியாவின் வானத்திலோ மேகம் அதிகம். வரும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் படம் கிடைக்காது. ஆகவே, பூமத்திய ரேகைக்கு 9 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில், சுமார் 685 கிலோமீட்டர் உயரத்தில் ரசாக்சாட் சுற்றுமாறு அமைத்தனர். அப்பாதையில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மலேசியாவின் பக்கம் வந்துபோகும். ஒருமுறை மேகம் மறைத்தாலும் அடுத்த முறை வாய்ப்புண்டு. அந்தச் செயற்கைக்கோள் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே செயலிழந்தது. ஆனாலும், நாடு இருக்கும் இடத்துக்கு ஏற்ற சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற சிந்தனை சரியானதே.

கூரைத் தட்டின் கணக்கு

400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். நிலாவின் உயரத்தில் 27.3 நாள். அப்படியானால், சரியாக ஒரு நாளில் ஒரு சுற்றை முடிக்கும் உயரம் ஒன்று இடையில் எங்கோ இருக்க வேண்டும். அது எங்கே? கெப்ளரின் மூன்றாம் விதியையும் நிலாவையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நிலாவின் காலம் 27.3 நாள். இதன் இருமடி ஏறத்தாழ 745. அதன் மும்மடி மூலம் சுமார் 9.07. ஆக, ஒரு நாளில் சுற்றும் பொருள் நிலாவைவிட 9.07 மடங்கு அருகில் இருக்க வேண்டும். நிலாவின் சராசரித் தொலைவு 384,400 கிலோமீட்டர். அதை 9.07ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42,400 கிலோமீட்டர். இது பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு. பூமியின் ஆரமான சுமார் 6,400 கிலோமீட்டரைக் கழித்தால் எஞ்சுவது 36,000 கிலோமீட்டர்.

அந்த உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, பூமி சுழலும் திசையிலேயே சுற்றும் செயற்கைக்கோள் நம் பார்வைக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. நாமும் பூமியோடு சேர்ந்து அதே கால அளவில் சுற்றுவதால் அது நகர்வது தெரிவதில்லை. இத்தகைய செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் அவர் இலங்கையில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

மலேசியாவின் மீசாட் 1 செயற்கைக்கோள் 1996ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே அஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கியது. இவ்வொளிபரப்புக்குப் பயன்படும் மீசாட் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிலைகொண்டுள்ளன. ஈப்போ நகரமோ கிழக்குத் தீர்க்கரேகை 101 பாகையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 4.6 பாகையில் இருக்கிறது. ஆகவே, ஈப்போவிலிருந்து பார்த்தால் அச்செயற்கைக்கோள் தென்மேற்குப் பக்கமாக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 77 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது, உச்சி வானுக்குச் சற்றே கீழே. ஒரே வரிசை வீடுகளில் எல்லாத் தட்டுகளும் ஒரே பக்கம் திரும்பியிருப்பதன் காரணம் இதுதான். பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரத்தில் உள்ள வட ஐரோப்பிய நாடுகளில் தட்டுகள் அடிவானத்தை ஒட்டிப் பார்க்கும்.

படமும் ஒலியும் 36,000 கிலோமீட்டர் ஏறி, மீண்டும் 36,000 கிலோமீட்டர் இறங்கி வர ஏறத்தாழ கால் வினாடி ஆகிறது. அவ்வளவு தூரத்தைத் தடையின்றிக் கடந்து வரும் அலை, கடைசிச் சில கிலோமீட்டரில் பெய்யும் கனமழையில் வலுவிழந்துவிடுகிறது. மழை நேரத்தில் திரை கறுத்துப்போவது அதனால்தான். செயற்கைக்கோள் நகர்ந்துவிட்டதால் அன்று.

நிலாவுக்குச் சென்ற வழி

சுற்றுப்பாதையை அறிந்தவர் குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் செல்லலாம் என்பதற்குச் சந்திரயான் 3 சிறந்த சான்று. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் தமிழ்நாட்டின் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஏவப்பட்ட அக்கலம் நேராக நிலாவை நோக்கிப் பாயவில்லை. முதலில் பூமியைச் சுற்றி ஒரு நீண்ட நீள்வட்டப் பாதையில் விடப்பட்டது. ஒவ்வொரு முறையும் பூமியை மிக நெருங்கி, மிக வேகமாகச் செல்லும் நேரத்தில் அதன் இயந்திரம் சற்று நேரம் இயக்கப்பட்டது. வேகம் மிகுந்த இடத்தில் கொடுக்கும் சிறு உந்துதல், மறுமுனையைப் பெருமளவு உயர்த்திவிடும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதைப் போன்றது இது.

இவ்வாறு ஐந்து முறை பாதை உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 1ஆம் நாள் கலம் நிலாவை நோக்கித் திருப்பப்பட்டது. ஆகஸ்ட் 5ஆம் நாள் நிலாவின் ஈர்ப்பில் பிடிபட்டு அதைச் சுற்றத் தொடங்கியது. ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலாவின் தென்துருவத்துக்கு அருகில் மெதுவாகத் தரையிறங்கியது. பெரிய உந்துகணை கொண்டு சில நாளில் செல்லும் தூரத்தை, சிறிய உந்துகணை கொண்டு 40 நாளில் கடந்தது. பணத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தியது கெப்ளரின் கணக்கு.

சூரியனும் நிற்கவில்லை

கோள்கள் மட்டுமன்று, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணற்ற சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. வால்விண்மீன்களோ மிக நீண்ட நீள்வட்டப் பாதையில் வருகின்றன. ஹேலி வால்விண்மீன் ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்குகிறது. கடைசியாக 1986ஆம் ஆண்டில் வந்தது. அடுத்து 2061ஆம் ஆண்டில் வரும். சூரியனும் தன் குடும்பம் முழுவதையும் அழைத்துக்கொண்டு பால்வீதி மண்டலத்தின் மையத்தைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள்.

விண்ணில் எல்லாம் சுற்றுவதால் எல்லாம் நிலையானவை என்று எண்ணிவிடக் கூடாது. நிலா ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிச் செல்கிறது. அப்போலோ வீரர்கள் அங்கு வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி இதை அளந்துள்ளனர். தாழ்வான பாதையில் உள்ள செயற்கைக்கோள்களோ மெல்லிய காற்றின் உராய்வால் வேகம் இழந்து, இறுதியில் எரிந்து விழுகின்றன. உயரமான பாதையில் காற்று இல்லை. அங்கே பழுதான கலங்களும் உடைந்த துண்டுகளும் நீண்ட காலம் சுற்றிக்கொண்டே இருக்கும். வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு சிறு திருகாணி மோதினாலும் ஒரு செயற்கைக்கோள் வீணாகிவிடும். ஆற்றில் குப்பை கொட்டியவர்களுக்கு அதன் விளைவு தெரியும். வானத்தின் பாதைகளும் பொதுச்சொத்து. அவற்றையும் தூய்மையாகக் காக்க வேண்டிய பொறுப்பு இத்தலைமுறைக்கு உண்டு.

இன்று இடைநிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்கள், ஹேலி வால்விண்மீன் திரும்பி வரும்போது ஐம்பது வயதை ஒட்டியிருப்பார்கள். அது எந்த ஆண்டில் வரும் என்பதை இன்றே உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆரூடத்தால் அன்று, தொலைவையும் காலத்தையும் பொறுமையாக அளந்தவர்கள் விட்டுச்சென்ற கணக்கால்.

செய்து பார்க்க

தொடர்ந்து ஏழு நாள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று நிலாவைப் பாருங்கள். அருகில் உள்ள மரம் அல்லது கட்டடத்தை அடையாளமாக வைத்து, அதன் இடத்தையும் வடிவத்தையும் வரைந்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் நிலா ஏறத்தாழ 13 பாகை கிழக்கே தள்ளியிருப்பதைக் காண்பீர்கள். கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

கருத்துணர் வினாக்கள்

1. ஒரு பொருள் பூமியைச் சுற்றுவதற்குத் தேவையான இரண்டு கூறுகள் யாவை?
2. தைப்பூசம் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருவதற்கான காரணத்தை உம் சொந்த வாக்கியத்தில் விளக்குக.
3. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்று ஒருவர் கூறுகிறார். அவருக்கு நீர் என்ன பதில் சொல்வீர்?
4. ரசாக்சாட்டைப் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் செலுத்தியதன் நன்மை என்ன?
5. உம் வீட்டில் உள்ள மூத்தவரிடம், அவர் சிறுவயதில் நிலாவையும் நட்சத்திரத்தையும் எவ்வாறு பயன்படுத்தினார் என்று கேட்டறிக. அதற்கான அறிவியல் காரணத்தை இப்பாடத்தின் துணைகொண்டு எழுதுக.